ஊசியில் நூல் கோக்க ஒரு தோழி

நாற்பத்தேழு வயதில் ஒரு மத்தியானம், பிளவுஸ் கொக்கி பிய்ந்துவிட்டதே என்று ஊசியை எடுத்தேன். நூல் கோக்க முடியவில்லை. எச்சில் தொட்டு முறுக்கினேன். ஜன்னலோரம் போனேன். டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். ஊசிக்குக் காதே இல்லாத மாதிரி இருந்தது. முன்பென்றால் "ஏய், இதைக் கோத்துக் கொடு" என்று மகளிடம் நீட்டுவேன். அவள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தாள். வீட்டுக்காரருக்கு என்னைவிட முன்னாலேயே வெள்ளெழுத்து வந்தாயிற்று. ஊசியும் கையுமாகக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். ஒரு கொக்கிக்காக யாராவது அழுவார்களா? நான் அழுதேன்.

அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு மாடி வீட்டுக்குப் போனேன். அங்கே குடியிருக்கிற பெண்ணுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அதுவரை மோட்டார் போடுவது, தண்ணீர் லாரி வருவது தவிர நாங்கள் அதிகம் பேசியதில்லை. நூலைக் கோத்துக் கொடுத்தவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கூடவே இறங்கி வந்தாள். என் தையல் டப்பாவைத் திறந்து, இருந்த ஊசி எல்லாவற்றிலும் நிறம் நிறமாக நூல் கோத்து, ஒரு பழைய ஸ்பாஞ்சில் வரிசையாகக் குத்தி வைத்தாள். "ஒரு வாரத்துக்கு வரும்க்கா. தீர்ந்ததும் கூப்பிடுங்க."

தங்கச்சி, நடுவயதுக்கு எனக்குத் தெரிந்த மருந்து அந்த டப்பாவில்தான் இருந்தது. கைக்கு ஒரு வேலை வேண்டும். அதைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். இரண்டும் ஒன்றாக வேண்டும். வேலை மட்டும் இருந்தால் நாலாம் வாரம் பரணுக்குப் போய்விடும். தோழி மட்டும் இருந்தால் பேச்சு மாமியாரில் தொடங்கி மருமகளில் முடியும், வீட்டுக்குத் திரும்பும்போது தலைவலிதான் மிச்சம். நாற்பத்தைந்தைத் தொட்டிருக்கிற உனக்கு, ஐம்பத்திரண்டில் இருக்கிற உன் அக்கா சொல்வது இது. பிடித்ததை எடுத்துக்கொள், பிடிக்காததை விட்டுவிடு.

முதலில் உடம்பைக் கேள்

அழுகையெல்லாம் மனசிலிருந்து மட்டும் வருவதில்லை. நம் நாட்டுப் பெண்களுக்குப் பெரும்பாலும் 46, 47 வயதையொட்டி மாதவிலக்கு நிற்கிறது. நிற்பதற்குச் சில வருஷம் முன்பிருந்தே உடம்பு ஆட்டம் காட்டத் தொடங்கிவிடும். இரண்டு மாதம் வராது, மூன்றாம் மாதம் கொட்டும். ராத்திரி இரண்டு மணிக்குக் கழுத்திலிருந்து உச்சந்தலை வரை குப்பென்று சூடு ஏறும்; ஃபேனை ஐந்தில் வைத்தாலும் வேர்க்கும், பக்கத்தில் படுத்திருப்பவர் போர்வையை இழுத்து மூடுவார். தூக்கம் போனால் பொறுமையும் கூடவே போகும். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. அப்படி நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும், "சூட்டு உடம்பு" என்று வெந்தயத்தை முழுங்கிக்கொண்டு இருக்காதே. அந்த வாரமே டாக்டரிடம் போ. தைராய்டும் இரத்தசோகையும் ஏறத்தாழ இதே வேஷம் போட்டுக்கொண்டு வரும். ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். எனக்கு ஹீமோகுளோபின் குறைவு என்று தெரியாமல் "வாழ்க்கையில் பிடிப்பே இல்லை" என்று ஒரு வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பாதிப் பிடிப்பு இரும்புச்சத்து மாத்திரையிலேயே திரும்பி வந்தது.

மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை.

சாமான் வாங்காதே

எதையாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றினால் நம் கால் முதலில் கடைக்குத்தான் போகிறது. நானும் போனேன். தஞ்சாவூர் ஓவியம் கற்றுத் தருகிறோம் என்றார்கள். பலகை, துணி, சாக் பவுடர், கோந்து, ஜெய்ப்பூர் கல், தங்கத்தாள் எல்லாம் சேர்த்து நாலாயிரம் ரூபாய் கட்டினேன். வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணனை அவர்களே வரைந்து கொடுத்தார்கள். முகமும் அவர்களே தீட்டினார்கள். நான் கல் ஒட்டினேன். வீட்டுக்கு வந்தவர்கள் "நீயா பண்ணினே?" என்று கேட்டபோது ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கிருஷ்ணர் இன்னும் ஒரு கைக்கு வளையல் இல்லாமல் பரணில் இருக்கிறார். தஞ்சாவூர் ஓவியத்தின் மேல் குற்றமில்லை. வருஷக் கணக்கில் உட்கார்ந்து பழக வேண்டிய கலை அது. குற்றம் என் அவசரத்தில்.

அதனால் என் கணக்கு இது. முதல் வேலைக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல் செலவழிக்காதே. வீட்டில் என்ன கிடக்கிறது என்று பார். உனக்குப் பதினாலு வயதில் என்ன பிடித்திருந்தது என்று யோசி. மார்கழியில் நாலரைக்கே எழுந்து, எதிர்வீட்டை முந்த வேண்டும் என்று புள்ளி வைத்தாயே, அதுவா? நோட்டின் கடைசிப் பக்கத்தில் கவிதை எழுதினாயே, அதுவா? பாட்டு டீச்சர் ஊர் மாறிப்போனதும் வர்ணத்தோடு நின்றதா? அங்கிருந்து தொடங்கு. புதிதாக ஒன்றைப் பிடிப்பதைவிட, விட்ட இடத்தில் தொடுவது சுலபம். கை மறந்திருக்காது.

இன்னொன்று. முடிவு உள்ள வேலையாக எடு. "ஓவியம் கற்றுக்கொள்ளப் போகிறேன்" என்பதற்கு முடிவே கிடையாது. "கொலுவுக்குள் உடைந்த ஆறு பொம்மைக்கு வர்ணம் பூசப் போகிறேன்" என்பதற்கு நவராத்திரி என்று ஒரு தேதி இருக்கிறது.

அம்மாவின் சேலைகள்

என் வேலை பீரோவிலிருந்து வந்தது. அம்மா போய் இரண்டு வருஷம் ஆகியும் அவளுடைய சுங்குடிச் சேலைகளை யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை. மதுரைக்காரி, பட்டைவிடச் சுங்குடிதான் அவளுக்குப் பெருமை. நிஜச் சுங்குடி என்றால் உனக்குத் தெரியும்தானே? சௌராஷ்டிர வீட்டுப் பெண்கள் துணியை நகத்தால் கிள்ளி, நூல் சுற்றி முடிச்சிட்டு, சாயத்தில் முக்கி, பிரித்தெடுத்தால் வருகிற புள்ளி. இப்போது கடையில் தொங்குவதில் பெரும்பாலானவை அச்சடித்தவை. அம்மாவுடையவை முடிச்சுப் போட்டவை. துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆகிவிட்ட பருத்தி.

வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கிக் கையாலேயே தைத்துப் போர்வை ஆக்குவார்கள், காந்தா என்று பெயர். நம் பாட்டிமாரும் பிள்ளை பிறக்கும் வீட்டுக்கு அப்படித்தான் துணி தைத்துக் கொடுத்தார்கள். அதைப் பெரிதாகச் செய்து பார்ப்போமே என்று மாடி வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் தெருமுனை ரிட்டயர்டு பேங்க் அக்காவை இழுத்து வந்தாள். என்னோடு எட்டாவது வரை படித்தவள் ஒருத்தி திருமங்கலத்தில் இருந்தாள். அவளை நான் கூப்பிட்டேன். நாலு பேர் ஆயிற்று.

உனக்கு ஆசை வந்தால் செய்முறை சொல்கிறேன். இரண்டு சேலை போதும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, தண்ணீர் தெளிகிற வரை அலசிவிடு. நான் இரண்டையும் சேர்த்து ஊறப்போட்டு, மெரூன் சாயம் மஞ்சளில் இறங்கி ஒரு மூலை காவியாகிவிட்டது. ஒரு சேலை ஐந்தரை மீட்டர். அதிலிருந்து இரண்டு மீட்டர் இருபது சென்டிமீட்டருக்கு இரண்டு துண்டு வெட்டு. ஒரு மீட்டர் பத்து மிஞ்சும். இரண்டு சேலையின் மிச்சத்தையும் ஒட்டினால் இன்னொரு துண்டு கிடைக்கும். ஆக ஐந்து அடுக்கு. ஓட்டை விழுந்த பக்கத்தையெல்லாம் நடுவில் போடு. முந்தானை மேலே வரட்டும். தரையில் விரித்து, சுருக்கம் நீவி, பெரிய பெரிய தையலாக டாக் போட்டுக்கொள். பிறகு நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் தை. விளிம்பிலிருந்து தொடங்கினால் நடுவில் தொப்பை விழும். மூன்றாம் வாரம் எங்களுக்கு விழுந்தது. நாலு வரிசையைப் பிரித்தோம்.

கோடு போட வேண்டிய அவசியமே வரவில்லை, அதுதான் ஆச்சரியம். முடிச்சுப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. யாரோ ஒரு பெண் எத்தனையோ வருஷத்துக்கு முன் நகத்தால் கிள்ளிய இடத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் ஊசி போயிற்று.

ஒரு அங்குலத்துக்கு ஒரு வரிசை என்றால் நாற்பத்தைந்து வரிசை. ஒரு வரிசைக்கு முக்கால் மணி நேரம். வாரம் இரண்டு மணி நேரம், நாலு பேர். ஒரு மாதத்தில் முடித்திருக்கலாம் என்று பேங்க் அக்கா கணக்குப் போட்டுச் சொன்னார்கள். எங்களுக்கு ஏழு மாதம் ஆயிற்று. மிச்ச நேரமெல்லாம் எங்கே போனது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். எதிரெதிரே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசுவதற்கும், நாலு பேரும் குனிந்து துணியைப் பார்த்துக்கொண்டு பேசுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை என்றால் வாய் திறக்கிறது. திருமங்கலத்துக்காரி தன் மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது என்பதைப் பதினோராம் வாரம், ஊசியை நிறுத்தாமலேயே சொன்னாள். மறுநாள் மூன்று பேரும் அவளோடு ஆஸ்பத்திரியில் இருந்தோம். வெறும் நீர்க்கட்டி. வீட்டில் ஆறு மாதமாக யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

கேட்காதே, சொல்லு

நேரம் எப்படிக் கிடைக்கும் என்பாய். கிடைக்காது, எடுத்துக்கொள்ள வேண்டும். எங்களுடையது வியாழக்கிழமை, மூன்று முதல் ஐந்து. சமையல் முடிந்து, சாயங்கால டிபனுக்கு முன்னால். வேலைக்குப் போகிறவள் என்றால் ஞாயிறு காலை ஏழு மணி. வீடு எழுவதற்குள் முடிந்துவிடும். "வியாழக்கிழமை நான் போகலாமா?" என்று வீட்டில் கேட்காதே. கேட்டால் அதற்கு ஒரு பதில் வரும். "வியாழக்கிழமை மூணு மணிக்கு நான் இருக்க மாட்டேன், டிக்காஷன் ஃபிளாஸ்க்ல இருக்கு" என்று சொல்லிவிடு. முதல் மாதம் மூன்று மணிக்குச் சரியாக யாருக்காவது ஏதாவது காணாமல் போகும். பிரஷர் மாத்திரை எங்கே, கேஸ் புத்தகம் எங்கே என்று ஃபோன் வரும். இரண்டாம் மாதம் அவர்களே தேடிக்கொள்வார்கள்.

போக்குவரத்துச் செலவு என்றும் சொல்லாதே. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் காசு கிடையாது. கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போவதற்கு மட்டுமா அது? திருமங்கலத்துக்காரி ஏழு மாதமும் அப்படித்தான் வந்து போனாள்.

வீட்டில் படுத்த படுக்கையாகப் பெரியவர் இருந்தால் நிலைமை வேறு, அதை நான் லேசாகப் பேச மாட்டேன். அப்படியென்றால் உன் வீட்டில் கூடுங்கள். கூப்பிட்டதும் கீழே வைத்துவிட்டு எழுந்து போகக்கூடிய வேலையாக எடு. குரோஷா ஊசியும் ஒரு நூல்கண்டும் போதும். தோட்டம், பாட்டு இதெல்லாம் அப்புறம்.

பழைய தோழியை எப்படிப் பிடிப்பது

இருபது வருஷமாகப் பேசாதவளை எப்படிக் கூப்பிடுவது என்ற தயக்கம் எல்லாருக்கும் இருக்கிறது. அவளுக்கும் இருக்கிறது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். காலையில் குரூப்பில் ரோஜாப்பூ அனுப்புவது கணக்கில் சேராது. கூப்பிட்டதும் "என்னை மறந்துட்டே பாத்தியா" என்று தொடங்காதே. அவள் சமாதானம் சொல்லியே களைத்துவிடுவாள். பிள்ளை என்ன பேக்கேஜ் வாங்குகிறான் என்றும் கேட்காதே. ஒரு வேலையைச் சொல்லிக் கூப்பிடு. "ஏ புள்ள, சேலைல போர்வை தைக்கிறோம், உனக்குத்தான் எட்டாங்கிளாஸ்ல தையல்ல முதல் மார்க்கு, வர்றியா?" அவ்வளவுதான் நான் சொன்னேன். அடுத்த வியாழன் கையில் சொந்தக் கத்தரிக்கோலோடு வந்து நின்றாள்.

வயது பார்க்காதே. எங்களில் மூத்தவருக்கும் இளையவளுக்கும் இருபத்தைந்து வருஷம் இடைவெளி. ஒருத்திக்கு டிஜிலாக்கர் தெரியும், ஒருத்திக்கு மூட்டுவலிக்கு எந்த டாக்டர் என்று தெரியும். சம வயதுத் தோழிகள் மட்டும் இருந்தால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வெள்ளெழுத்து வந்துவிடும். அப்புறம் ஊசியை யார் கோப்பது?

சில கட்டுப்பாடுகள் வேண்டும், பட்டுத்தான் சொல்கிறேன். தோழிகளுக்குள் சீட்டு வேண்டாம், நகை இரவல் வேண்டாம். டீயும் ஒரு பலகாரமும் போதும். ஒரு வாரம் ஒருத்தி சுண்டல் கொண்டுவந்தால் அடுத்த வாரம் இன்னொருத்தி பொங்கல் வடை கொண்டுவரும் போட்டி மூன்றாம் வாரமே தலைகாட்டியது, அன்றைக்கே நிறுத்தினோம். எதையும் விற்காதே. நடுவில் ஐந்தாவதாக ஒருத்தி வந்தாள், நல்லவள்தான். இரண்டாம் வாரம் பையிலிருந்து சத்து மாவு டப்பாக்களை எடுத்துவைத்து, நாங்களும் ஆள் சேர்த்தால் எவ்வளவு கமிஷன் என்று விளக்கத் தொடங்கினாள். அதற்கப்புறம் அவளும் வரவில்லை, நாங்களும் கூப்பிடவில்லை.

சண்டையும் வரும். பேங்க் அக்கா என் தையலை "கோணல்" என்றார்கள், நான் பதிலுக்கு ஏதோ சொன்னேன், மூன்று வாரம் அவர்கள் வரவில்லை. மாடி வீட்டுக்காரிதான் போய் அழைத்து வந்தாள். வந்ததும் ஒன்றும் பேசாமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விட்ட வரிசையில் உட்கார்ந்தார்கள். என் தையல் கோணல்தான். இப்போதும் போர்வையை விரித்தால் எந்த வரிசை யாருடையது என்று சொல்லிவிடலாம். அவர்களுடையது ஸ்கேல் வைத்த மாதிரி. மாடி வீட்டுக்காரியுடையது ஓடிப்போய்ப் பஸ் பிடிக்கிற மாதிரி நீள நீளமாக.

"இதை வித்தா நல்லா போகுமே"

முடித்த மறுநாளே யாராவது சொல்வார்கள். பெரும்பாலும் நம் வீட்டு ஆள்தான். அன்போடுதான் சொல்வார்கள். ஒரு வருஷம் காது கேளாதவள் மாதிரி இரு. சம்பாதிப்பது தப்பே இல்லை. பணம் தேவை என்றால் அது வேறு பேச்சு, அதற்கு ஆரி வேலை, தையல் என்று முறையாகப் பழகிச் செய்யலாம். ஆனால் நம் கையால் செய்த எல்லாவற்றுக்கும் இதுவரை யாரோ ஒருவரின் பசியோ, பரீட்சையோ, கல்யாணமோ காரணமாக இருந்திருக்கிறது. யாருக்கும் தேவைப்படாத ஒன்றைச் செய்து பார்ப்பதில் ஒரு ருசி இருக்கிறது. ஆர்டர் வந்துவிட்டால் வியாழக்கிழமையும் இன்னொரு சமையலறை ஆகிவிடும்.

"இந்த வயசுல இனிமே என்னத்த" என்பவர்களுக்கு நான் ஒரு புத்தகத்தைக் காட்டுவேன். அநேகமாக உன் அம்மா வீட்டிலும் இருக்கும், மஞ்சள் கறையோடு. 'சமைத்துப் பார்' எழுதிய எஸ். மீனாட்சி அம்மாள் 1905இல் பிறந்தவர். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். புத்தகம் வந்தது 1951இல், அவருடைய நாற்பத்தாறாவது வயதில். உழக்கு, ஆழாக்கு என்று அளந்து எழுதிய அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் எத்தனையோ பெண்கள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் முதல் சாம்பார் வைத்தார்கள். அவருக்கும் சமையல் முன்பே கையில் இருந்தது. எழுது என்று சொல்ல உறவில் ஒருவர் இருந்தார்.

எழுது, தை, பாடு என்று உன்னிடம் சொல்ல ஒருத்தி வேண்டும். அவள் தானாக வந்து கதவைத் தட்ட மாட்டாள். நானே ஒரு கொக்கி பிய்ந்ததால்தான் மாடி ஏறினேன்.

போர்வை யாருக்கு என்றுதானே கேட்கப் போகிறாய்? அம்மா சேலை என்றாலும் தையல் நாலு பேருடையது. மூன்று மாதம் ஒரு வீடு என்று வைத்திருக்கிறோம். இப்போது திருமங்கலத்தில் இருக்கிறது. தை மாதம் எனக்கு வரும்.

உன் ஃபோனில் ஒரு பெயர் இருக்கும். பேச வேண்டும் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தள்ளிப்போன பெயர். நாளைக் காலை பதினோரு மணிக்குக் கூப்பிடு. அந்த நேரத்தில்தான் எல்லா வீட்டிலும் குக்கர் இறங்கியிருக்கும்.